கப்பல் திரும்பும்போது கிப்லா

கப்பலில் ஏறுகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அறிய வேண்டுமானால் மேல்தளத்து விருந்து மண்டபத்துக்குப் போகத் தேவையில்லை. கீழே, சாமான்கள் ஏற்றும் கதவுக்குப் பக்கத்தில், பூட்டிய சிறிய அறை ஒன்று இருக்கிறது. தீப்பிடிக்கும், வெட்டும், வெடிக்கும் என்று சொல்லி, ஏறும்போதே பயணிகளிடமிருந்து வாங்கி வைக்கும் பொருட்கள் அங்கே கிடக்கும். அயன் பெட்டி, கேத்தல், சின்ன ரைஸ் குக்கர், ஹூக்கா, தேங்காய் உடைக்கும் கத்தி, பிறந்தநாள் மெழுகுதிரி, மீன்பிடித் தூண்டில், சாம்பிராணி, கற்பூரம். ஒவ்வொன்றிலும் அறை இலக்கம் எழுதிய துண்டு கட்டியிருக்கும். அந்த அறையில் ஆட்கள் இல்லாமலே ஆட்கள் நிற்பதுபோல் இருக்கும். நான் உள்ளே போகும்போதெல்லாம் கதவைத் திறந்தே வைத்திருப்பேன்.

சென்னையிலிருந்து புறப்பட்டு இலங்கைத் துறைமுகங்களுக்கு வந்து திரும்பும் கப்பல் அது. பெரிய பணக்காரர்கள் மட்டும் வருவார்கள் என்று ஊரில் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கூடுதலாக விற்றதற்குப் பரிசாகக் கம்பனி அனுப்பிய சீமெந்துக் கடைக்காரர்கள் மனைவிமாரோடு வந்தார்கள். கையில் மருதாணி சிவப்பு மாறாத புதுத் தம்பதிகள், கிழங்கு வகை எதையும் தொடாத ஜைனக் குடும்பங்கள், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள், சக்கர நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், ஊறுகாய் போத்தலைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவரும் ஆந்திரக்காரர்கள், ஒரே நிறச் சட்டை போட்ட கல்லூரி நண்பர்கள் எல்லோரும் ஒரே லிஃப்டில் ஏறி இறங்கினார்கள்.

நான் வரவேற்பு மேசையில் வேலை செய்தேன். வாப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். உம்மாவுக்குக் கையெழுத்து வராது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். தமிழ், சிங்களம், ஆங்கிலம், கொஞ்சம் ஹிந்தி. நேர்முகத்தில் நாலு மொழியிலும் கேட்டார்கள், நாலிலும் பதில் சொன்னேன். கப்பலில் தமிழ் அறிவிப்புகளுக்கும் என் குரலைத்தான் பதிந்து வைத்திருந்தார்கள். "பொம்புளப் புள்ளைய கடலுக்கு அனுப்பிப்போட்டு வாப்பா கரையில நிக்காரு" என்று கல்முனைச் சந்தையில் பேசிக்கொண்டார்கள். வாப்பா அதற்கு, "நான் படிச்சிருந்தா நான் போயிருப்பன், அவள் படிச்சாள் அவள் போறாள்" என்று சொல்லிவிட்டு மீன் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாராம்.

மேசையில் அடிக்கடி வரும் கேள்விகளில் ஒன்று கிப்லா, தொழும்போது முகம் வைக்கும் மக்காத் திசை, எந்தப் பக்கம் என்பது. கப்பல் திரும்பத் திரும்ப அது மாறும். ஒவ்வொரு அறையின் தொலைக்காட்சியிலும் கப்பலின் வழியைக் காட்டும் படம் ஓடிக்கொண்டிருக்கும். நான் அதைப் பார்த்துச் சொல்வேன். எங்கள் ஊரில் இந்தக் கேள்வியே கிடையாது. கல்முனையில் தொழ நின்றால் கடல் முதுகுக்குப் பின்னால் இருக்கும், அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து கடலைப் பின்னால் வைத்தே தொழுதவள் நான். சுனாமியும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. சின்னப் பிள்ளையாக இருந்த எனக்கு அதில் சத்தம் மட்டும் நினைவிருக்கிறது. கப்பலில் முதல்முறை தொழ நின்றபோது, நாங்கள் தொழும்போது முதுகுக்குப் பின்னால் இருக்கும் அந்த இடத்தில் இப்போது நான் நிற்கிறேன் என்று தோன்றியது.

அந்தப் பயணத்தில், சென்னையை விட்ட மறுநாள் காலை, கீழக்கரைப் பக்கத்திலிருந்து மகளோடு வந்திருந்த ஒரு முதிய பெண் மவுத்தானார். இதயம் நின்றுவிட்டது என்று கப்பல் மருத்துவர் சொன்னார். பயணிகள் பயந்துவிடக் கூடாது என்பதற்காக இறப்பு என்ற சொல்லை நாங்கள் பயன்படுத்தக் கூடாது. "அறை மாற்றம்" என்று சொல்ல வேண்டும். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "அறை மாற்றம். மகள் தமிழ் பேசுகிறாள். நீ கூட இரு" என்றார்.

மகளுக்கு நாற்பது வயது இருக்கும். மருத்துவப் பிரிவின் வெளியே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க முஸ்லிமா?"

"ஓம்."

"நாளைக்கு அம்பாந்தோட்டையில இறக்கிட்டா, ஆஸ்பத்திரி, பேப்பரு, பெட்டின்னு எத்தனை கை மாறுமோ தெரியல. அதுக்கு முன்னாடி உம்மாவை நம்ம பொம்பளைங்க கையால குளிப்பாட்டி, கபன் போட்டு, கிப்லாவப் பாக்கப் படுக்க வைக்கணும். அவுக என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான். பயணம் வர்றதுக்குப் பயந்தாக. நடுவுல ஏதாச்சும் ஆனா யாரு பாப்பான்னு கேட்டாக. நான்தான் சிரிச்சேன்."

மேலாளரிடம் கேட்டேன். விடியும்வரை உடலை வைத்திருக்கும் கீழறையை எடுத்துக்கொள்ளலாம், நீ உதவலாம், ஆனால் வேறு பயணிகள் யாருக்கும் தெரியக் கூடாது என்றார்.

சிக்கல் அங்கேதான் வந்தது. மகளுக்குக் குளிப்பாட்டும் முறை தெரியாது. எனக்கும் தெரியாது. எங்கள் ஊரில் கல்யாணம் முடிக்காத பிள்ளைகளைக் குளிப்பாட்டும் மறைப்புக்குள் விடுவதில்லை. வெளியே நின்று தண்ணீர் எடுத்துக் கொடுத்ததோடு சரி. தெரிந்த பெண் ஒருத்தியாவது வேண்டும். மேலே ஆயிரக்கணக்கான பயணிகள் இருந்தார்கள். ஒருத்தி கூடவா இருக்க மாட்டாள்? மேலாளரின் பேச்சை மீறுவது என்று முடிவெடுத்துப் படியேறினேன்.

கல்முனையில் பஸ்ஸில் ஏறும் பெண் தமிழர் ஊரான பாண்டிருப்பில் இறங்குவாளா, முஸ்லிம் ஊரான மருதமுனையில் இறங்குவாளா என்று உடுப்பைப் பார்த்தே கண்டக்டர் சொல்லிவிடுவார். எனக்கும் அந்தக் கண்தான். மேல்தளம் முழுக்கக் கறுப்பு அபாயா தேடி நடந்தேன். ஒருத்திதான் கிடைத்தாள். ஹைதராபாத் புதுப்பெண். காதோடு விசயத்தைச் சொன்னதும் அவள் என் கையை உதறினாள். "நான் இதுவரை மையித்தைப் பார்த்ததே இல்லை, தயவுசெய்து போங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லி அழுதாள். பக்கத்தில் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். பலூன்கள் பறந்தன. கீழே ஒரு மனுசி குளிருக்குள் கிடப்பது இவர்கள் எவருக்கும் தெரியாது. எல்லோருடைய முகமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோலத் தெரிந்தது.

மேசைக்குத் திரும்பியபோது பின்நேர அசர் தொழுகை நேரம். சீமெந்துக் கடைக்காரர் ஒருவரின் மனைவி எனக்காகக் காத்து நின்றார். பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகைப் பூ.

"ஏன் தங்கச்சி, காலையில அந்தப் பக்கம் கிப்லான்னு சொன்னே. கப்பல் திரும்பிருச்சா?"

காலையிலும் கேட்டவர்தான். யாரோ தோழிக்காகக் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். இப்போது அவர் முகத்தையே பார்த்தேன்.

"என்ன அப்படிப் பாக்குறே? பூ வச்சா தொழ மாட்டாளுகளா? நாங்க தேனிப் பக்கம் ராவுத்தருக. பூ வைக்காம விசேஷத்துக்குப் போனா எங்க மாமியா என்னைய வீட்டுக்குள்ள சேக்காது."

நான் விசயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. மெல்லப் பூவைக் கழற்றி மேசையில் வைத்தார். "எங்கம்மாவைக் குளிப்பாட்டினது நான்தான். வா. ஆனா இன்னொரு ஆளு வேணும், திருப்பிப் பிடிக்கணுமில்ல." கொஞ்சம் யோசித்தார். "நீச்சல் குளத்துக்கிட்ட கட்டை முடியோட ஒரு அம்மா இருக்கும் பாரு, அதைக் கூட்டிட்டு வா."

"அவங்க அரைக் காற்சட்டை போட்டிருக்காங்களே?"

"போட்டா என்ன? மத்தியானம் பொம்பளைங்க கக்கூசுல காலைத் தூக்கி வாஷ்பேசின்ல வச்சிக் கழுவிட்டு நின்னுச்சு. தொழுகைக்கு ஒளு செய்யாம எவ அந்த வயசுல காலைத் தூக்கி வாஷ்பேசின்ல வைப்பா?"

பம்பாய்க்காரப் பெண்மணி அவர். என் உடைந்த ஹிந்தியைப் பாதி கேட்டதுமே எழுந்துவிட்டார். நனைந்த தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தார்.

மகளோடு அவர்களின் அறைக்கு அவள் உம்மாவின் துணி எடுக்கப் போனேன். சுத்தம் செய்யும் பையனுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. கட்டில் இரண்டும் விரித்திருந்தது. உம்மாவின் கட்டிலில் துவாயை மடித்து ஒரு யானை செய்து உட்கார வைத்திருந்தான். பயணிகளைச் சிரிக்க வைக்க அவர்கள் செய்யும் வேலை அது. யானையின் முகத்தில் உம்மாவின் மூக்குக்கண்ணாடி. அது எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மகள் அதைக் கழற்றவில்லை. சுவரோடு ஒட்டி நடந்து அலுமாரியைத் திறந்தாள்.

கபன் துணிக்குச் சலவைப் பகுதியிலிருந்து புது வெள்ளை விரிப்புகள் எடுத்தேன். கற்பூரத்துக்குப் பூட்டிய அறையைத் திறந்தேன். பூசைக்காக அதைக் கொண்டுவந்து பறிகொடுத்திருந்த ஒரு சென்னை அம்மாவைத் துண்டிலிருந்த அறை இலக்கத்தைப் பார்த்துத் தேடிப் போய், கொஞ்சம் தருவீர்களா என்று கேட்டேன். எதற்கு என்றார். சொல்ல முடியாது என்றேன். என் முகத்தைப் பார்த்தார். "முழுசா எடுத்துக்கோம்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

கீழே இறங்கும் வழியில் கைபேசி அடித்தது. கப்பல் ஊருக்கு நேரே வந்திருந்தது, கரைச் சிக்னல் எப்படியோ எட்டியிருந்தது.

"எங்க நிக்காய் புள்ள?" என் உம்மா.

"ஊருக்கு நேர கடல்ல, உம்மா."

"அல்லாஹ்! நான் கடக்கரைக்கு வரட்டா?"

"வந்தாலும் தெரியாது. தூரம்."

"யாரெல்லாம் இரிக்காங்க அதுக்குள்ள?"

"எல்லாரும்."

"எல்லாரும் எண்டா?" நான் இன்னும் இரண்டு படி இறங்கினேன். "என்ன குரல் ஒரு மாதிரி இரிக்கி? சரி, மஃரிபுக்கு முன்ன, இருட்ட முதல் உள்ளுக்குப் போயிரு. அந்த நேரத்தில கடல்ல நிக்காத."

"நான் கடல்லதான் இரிக்கன் உம்மா" என்றேன். அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் கேட்டது.

கீழறையில் ஜன்னல் இல்லை. தேனி ராத்தா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். மேலே ஒரு துணியைப் போர்த்தி அதன் அடியில் கைவிட்டுக் கழுவினார்கள். வலப்பக்கம் முதலில், பிறகு இடப்பக்கம். பம்பாய்ப் பெண்மணி தோளைத் தாங்கினார். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்கவில்லை, ஆனால் இருவரின் கையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போனது. கப்பல் ஆடியபோது அந்த உம்மாவின் கை துணியிலிருந்து வழுக்கி வெளியே தொங்கியது, விரல்கள் என் மணிக்கட்டில் பட்டன. நான் பின்வாங்கவில்லை. கையை எடுத்து உள்ளே வைத்தேன்.

அப்போது கூரையிலிருந்து ஒரு பெண் பேசினாள். "அன்பான பயணிகளே, இன்று மாலை உங்களுக்காக ஓர் இனிய நடன வகுப்பு..." என் குரல்தான். எப்போதோ பதிந்தது. அவ்வளவு மகிழ்ச்சியாக நான் பேசியிருந்தேன். நால்வரும் நிமிர்ந்து கூரையைப் பார்த்தோம். அது முடியும்வரை எவரும் தண்ணீர் ஊற்றவில்லை.

கடைசித் தண்ணீரில் கற்பூரத்தைக் கரைத்தார்கள். கபன் சுற்றி முடித்ததும் சுவரில் கப்பல் வழி ஓடிக்கொண்டிருந்த திரையைப் பார்த்துக் கிப்லாவைக் காட்டினேன். சக்கரக் கட்டிலைக் குறுக்கே திருப்பி, அவரை வலப்பக்கம் சாய்த்து வைத்தோம். இரும்புச் சுவருக்கும் தண்ணீருக்கும் அப்பால், அவர் முகம் பார்த்த திக்கில்தான் எங்கள் கரை இருந்தது. தேனி ராத்தா என் தலையில் கை வைத்தார். "யாருக்கும் சொல்ல மாட்டோம், பயப்படாதே" என்றார். இரண்டு பேரும் தனித்தனியாக மேலே போனார்கள்.

மகளும் நானும் இருந்தோம். பொத்துவிலைத் தாண்டியதும் கரை உள்வாங்கி வளையும். கப்பலும் அதோடு மெல்லத் திரும்பத் தொடங்கும்.

"இப்ப எந்தப் பக்கம்?" என்று மகள் கேட்டாள்.

திரையைப் பார்த்துக் காட்டினேன். சக்கரத்தின் பூட்டைத் திறந்து, கட்டிலைச் சற்றுத் திருப்பி, மறுபடி பூட்டினோம். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கேட்டாள். திரும்பவும் திருப்பினோம். மேலே ஆடும் கால்களின் அதிர்வு இரும்பு வழியாக இறங்கி வந்தது. அவர் ஒருவர்தான் ஓரிடத்தில் இருக்கிறார், இத்தனை பேரையும் ஏற்றிய கப்பல் அவரைச் சுற்றி நகர்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்த பிறகு அந்த நினைப்பை நிறுத்த முடியவில்லை.

அடுத்த முறை மகள் கேட்கவில்லை. சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். நானாக எழுந்து கட்டிலுக்குக் கிட்டப் போனேன். அது முன்பு விட்ட இடத்தில் இல்லை. கால்மாடு சுவரை விட்டுக் கொஞ்சம் விலகியிருந்தது.

"பூட்டைத் திறந்தீங்களா?" என்று கேட்டேன்.

அவள் கண் விழித்து, இல்லை என்று தலையாட்டினாள். நானும் திறக்கவில்லை. குனிந்து பார்த்தேன். நான்கு சக்கரங்களின் பூட்டும் கழன்றிருந்தது. கப்பல் ஆடியதில் கழன்றிருக்கலாம். பிறகு திரையைப் பார்த்தேன், மகளும் எழுந்து வந்து பார்த்தாள்.

கட்டில் சரியான பக்கம் நின்றது. எங்கள் கையால் திருப்பி வைத்ததை விடவும் சரியாக.

அதற்குப் பிறகு நாங்கள் பூட்டைப் போடவில்லை.