கட்டாத மஞ்சள் துணி

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில், குங்குமக் கிண்ணத்துக்குப் பின்னால், மஞ்சளில் நனைத்த துணி ஒன்று மடித்தபடியே இருக்கிறது. ஆம்பூரில் என் மகள் படித்த பள்ளிக்கூடத்து வேப்பமரத்துக்குக் கட்ட எடுத்துப் போனது. புது வகுப்பறை கட்ட மரத்தை வெட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே நனைத்துவிட்டேன். மஞ்சள் துணி கட்டிக் குங்குமம் வைத்துவிட்டால் வேப்பமரம் ஆத்தாவாகிவிடும், அப்புறம் எங்கள் பக்கத்தில் எவர் கோடாலி எடுப்பார்?

வாசலிலேயே அஞ்சாம் வகுப்பு டீச்சர் துணியைப் பார்த்துவிட்டார். "கட்டாதீங்கக்கா. சாமியாய்ட்டா பசங்க எப்படி மேல ஏறுவாங்க? என் பாடம் மொத்தமும் இதுலதான் இருக்குது" என்றார். மனசில்லாமல் துணியைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னது நிஜம். தமிழுக்கு, மரம் தன் கதையைச் சொல்வதுபோல் எழுதவைப்பார். அறிவியலுக்குப் பூ, கொட்டை, பட்டையில் ஊரும் எறும்பு. சமூக அறிவியலுக்கு, அந்தக் காலத்தில் நம் ஊர் தோல் ஷாப்புகளில் எந்த மரத்துப் பட்டையைப் போட்டுத் தோலைப் பதப்படுத்தினார்கள் என்று வீட்டில் விசாரித்து வரச் சொல்வார். எட்டாவதோடு நின்ற நான் ஷூ கம்பெனியிலிருந்து அலுத்து வந்து உட்கார்ந்தால், மகள் பை நிறைய இலையைக் கொட்டி எனக்கே பாடம் எடுப்பாள். அலுப்பு எங்கே போகுமோ தெரியாது.

கணக்குக்கு மட்டும் மரம் மசியவில்லை. நிழலை அளக்க வேண்டுமாம். அதுவோ சதுரமும் இல்லை, வட்டமும் இல்லை. தோலும் கோணல்மாணல்தானே, அந்த நாளில் ஒரு அடிக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் அளப்பார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாள் என் கோலப்பொடி டப்பாவைக் காணோம். பிள்ளைகள் நிழலுக்குள் பொறுமையாகக் கட்டம் போட, பாதிக்குள் நிழல் நகர்ந்துவிட்டது. நீதான் கோட்டை அழித்தாய் என்று ஒரே சண்டை. டீச்சர் சிரித்து முடித்து, நிழல் எங்கே ஓடுகிறது பாருங்கள் என்று உட்காரவைத்தாராம். அடுத்த நாள் உச்சி வெயிலில் எல்லோரும் நிழலின் ஓரத்தில் வரிசையாக நின்று ஒரே மூச்சில் கோடு இழுத்துவிட்டார்கள். கட்டங்களை அப்புறம் போட்டு எண்ணினார்கள்.

அதற்கு மறுநாள் மத்தியானம் பெற்றோர் கூட்டம். வெயிலுக்கு ஒதுங்கி எல்லோரும் மரத்தடியில்தான் நின்றோம். வகுப்பறை கட்ட வேறு இடமில்லை, மரத்தை வெட்டச் சம்மதம் சொல்லுங்கள் என்றார் எச்.எம். என் கை பைக்குள் போய்த் துணியைப் பிடித்தது. அதற்குள் என் மகள் கோலப்பொடிக் கோட்டின் மேல் போய் நின்றாள்.

"சார், நீங்க கட்டப்போற ரூமு இதுக்குள்ள ரெண்டு வச்சாலும் எடம் மிச்சம் சார். அளந்துட்டோம்."

எச்.எம். கோட்டைப் பார்த்தார். அதற்குள் கால் சுடாமல் நின்ற எங்களைப் பார்த்தார். தலை நிமிர்த்தி மரத்தையும் பார்த்தார்.

"இருக்கிற பெரிய ரூமை இடிச்சுட்டு இன்னாத்துக்கும்மா சின்ன ரூமு கட்றது?" என்று சிரித்துவிட்டார். பைக்குள் பிடித்திருந்த துணியை விட்டுவிட்டேன். பழைய சைக்கிள் ஷெட்டைப் பிரித்து அங்கே வகுப்பறை எழுப்பினார்கள்.

டீச்சர் இப்போது மாற்றலாகித் திருப்பத்தூர் பக்கம் இருக்கிறார். போன வாரம் கம்பெனி பஸ் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். மரத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு, கிளையில் தொங்குகிற கால்கள். வீட்டுக்கு வந்து விளக்கேற்றும்போது துணி கண்ணில் பட்டது. எடுத்து வந்து கட்டு என்று ஆத்தா இன்னும் என்னைக் கேட்கவில்லை.