மடித்து வைத்த நாற்பத்தைந்து பெட்டிகள்

கண்ணாடி டம்ளர் கிடங்கில் பத்தொன்பது வருடம் பெட்டி கட்டியவருக்கு 'மின்னல்' என்ற பெயர் ஒரே காலைப்பொழுதில் வந்தது. அதற்கு முன் அவர் வெறும் 'மூணாம் மேசை'. மூன்றாவது மேசையில் நிற்பவர், அவ்வளவுதான். அப்படியே இருந்திருந்தால் மனுஷன் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். ஆசை யாரை விட்டது?

வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. தட்டையாக வருகிற அட்டையை விரித்து, பெட்டியாக மடித்து, அடியில் டேப் ஒட்ட வேண்டும். ஆறு டம்ளரைத் தனித்தனியாகத் தாளில் சுற்றி அடுக்கி, மூடி, மேலேயும் டேப் ஒட்டி, ஸ்டிக்கர் போட வேண்டும். பெட்டி ஒன்றுக்கு இரண்டு நிமிடமும் கொஞ்சமும் ஆகும். நாளைக்கு இருநூறு பெட்டி. மொத்தம் பன்னிரண்டு மேசை. நாலாம் மேசை அவருடைய மனைவி. "வீட்டுலயும் பக்கத்துல, இங்கயும் பக்கத்துல. பேச என்னதான்யா மிச்சம் இருக்கும் உங்களுக்கு?" என்று ஐந்தாம் மேசை சின்னக்கா நாள் தவறாமல் கேலி செய்வாள்.

அந்தப் பிரிவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வெளியாள் யாராவது வந்து வேலையைப் பார்த்தால் கையை வேகப்படுத்தக் கூடாது. இன்றைக்கு ஒருத்தர் காட்டுகிற வேகம் நாளைக்கு எல்லார் தலையிலும் விடியும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு டேப் ஒட்டச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் மேனேஜர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்கு ஆராய்ச்சி நிறுவனத்துலேருந்து ஒரு சார் வர்றார். வேலை, தலைமை, உற்பத்தி, இதைப் பத்தியெல்லாம் அறிக்கை எழுதறவர். ஒரு மணி நேரம் உங்க மேசையில உக்காந்து அளப்பார். நான்தான் உங்க பேரைக் கொடுத்தேன். என் மானத்தைக் காப்பாத்துங்க."

காப்பாற்றினார், எப்படி என்றுதான் கேட்காதீர்கள். மறுநாள், யாரும் வருவதற்கு முன்பே போய் நாற்பத்தைந்து பெட்டியை மடித்து, அடியில் டேப் ஒட்டி, மேசைக்குப் பக்கத்துத் தூணோரம் அடுக்கி வைத்தார். ஒரு நாள் கூத்துதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வந்தவர் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கியது. மற்ற மேசைப் பெண்கள் அந்த நிமிடமே 'கடிகாரக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நல்ல மனுஷர், சும்மா சொல்லக்கூடாது. ஒரு ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்களுக்கு இடைஞ்சலா இருக்காதே?" என்று கேட்டார். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கிடங்கில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. உச்சி குளிர்ந்துவிட்டது. கை பறந்தது. நடுவில் கடிகாரக்காரர் பேனாவை நிறுத்திவிட்டுத் தூணோரம் பார்த்தார்.

"பெட்டியெல்லாம் இப்படி மடிச்சேதான் மேசைக்கு வருமா?"

"ஆமா சார்."

இல்லை சார், நான்தான் காலையில் வந்து மடித்தேன் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஐந்து வினாடி. அந்த ஐந்து வினாடி அவருக்குக் கிடைக்கவில்லை. பக்கத்தில் நாலாம் மேசையில் மனைவி தலை நிமிராமல் எப்போதும் போல டம்ளர் சுற்றிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குத் தொண்ணூறு வினாடி என்று குறித்துக்கொண்டு கடிகாரக்காரர், "மின்னல்தான் நீங்க" என்று கை கொடுத்துவிட்டுப் போனார். மிச்சமிருந்த ஐந்து பெட்டியை இவர் மத்தியானம் சத்தமில்லாமல் தீர்த்துவிட்டார்.

ஒரு மாதத்தில் அறிக்கை வந்தது. வழவழப்பான தாள், முழுப் பக்கத்துக்கு அவர் படம். வீட்டுக்குக் கொண்டு வந்து, "கண்ணாடியை எங்கயோ வெச்சுட்டேன், நீயே படியேன்" என்று மனைவியிடம் நீட்டினார். கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அவள் வாயால் கேட்க வேண்டும், வேறென்ன?

அவள் படித்தாள். "'இயல்பான தலைமைப் பண்பு கொண்ட ஒரு தொழிலாளி, புதிய இயந்திரம் எதுவும் இல்லாமலேயே உற்பத்தியை நாற்பது சதவீதத்துக்கு மேல் உயர்த்த முடியும் என்று காட்டுகிறார். பெட்டிகள் மடித்த நிலையிலேயே மேசைக்கு வருவதால்...'" அங்கே நிறுத்தினாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அடுத்த வரியிலிருந்து தொடர்ந்தாள். அவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுட்டது.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து எல்லா மேசைக்கும் இருநூற்றுத் தொண்ணூறு பெட்டி. மடிக்கிற நேரம் எந்தக் கணக்கிலும் இல்லை. அறிக்கையில் இல்லாத வேலைக்கு யார் நேரம் கொடுப்பார்கள்? எண்ணிக்கை எட்டாதவர்களுக்கு வாரக் கடைசியில் மஞ்சள் சீட்டு. மூன்று சீட்டு வாங்கினால் வேலை இல்லை. மின்னலுக்கு மட்டும் கவலையில்லை. அவரை லீடர் ஆக்கி, சட்டையில் குத்த ஒரு பேட்ஜும் கையில் ஒரு பேனாவும் கொடுத்துவிட்டார்கள். இனி அவர் பெட்டி கட்ட வேண்டாம். நடந்து நடந்து எண்ண வேண்டும். எண்ணிவிட்டு, மஞ்சள் சீட்டில் கையெழுத்துப் போட்டு அவர்தான் கொடுக்க வேண்டும்.

முதல் வாரம் ஒன்பது சீட்டு. நாலாம் மேசைக்கும் ஒன்று. மனைவி முன்னால் சீட்டை நீட்டியபோது அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சின்னக்கா அன்றைக்குக் கேலி எதுவும் செய்யவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

இரண்டாவது சீட்டு வந்த அன்று சாயங்காலம், சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளைக் கத்தையாக வைத்துக்கொண்டு, நாலு எவர்சில்வர் டம்ளரை மாற்றி மாற்றிச் சுற்றிக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"என்ன பண்ற?"

"பழகறேன். இன்னும் ஒரு சீட்டுதான் பாக்கி." சுற்றிய டம்ளரைப் பிரித்து மறுபடி சுற்றினாள். "ஏங்க, நீங்க எப்படிப் பண்ணீங்க அன்னைக்கு? எனக்கும் சொல்லித் தாங்களேன்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய் வேறு எதையோ சொன்னது. "அது ஒண்ணுமில்ல. கட்டை விரலை இப்படி அழுத்திப் பிடிக்கணும். தாள் தானா சுத்திக்கும்." அப்படி ஒரு முறையே உலகத்தில் கிடையாது. அவரே அந்த நொடியில் கண்டுபிடித்தது. அவள் அவர் கட்டை விரலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பிறகு சொன்னபடியே அழுத்திப் பிடித்து நாலு டம்ளரையும் சுற்றினாள். நாலு சாயங்காலம் இதே கேள்வி. நாலு சாயங்காலமும் அவர் அதே விரலைக் காட்டினார். சீ, என்ன ஜென்மம் இது என்று குளியலறைக் கண்ணாடியில் தன்னையே பார்த்துத் திட்டிக்கொண்டார். திட்டி என்ன? கதவைத் திறந்து வெளியே வந்ததும் பழையபடி லீடர்.

ஐந்தாம் நாள் காலை விழித்தபோது அவள் வீட்டில் இல்லை. சாப்பாடு கட்டி மேசையில் இருந்தது, அவருக்கு மட்டும். பதறியடித்துக்கொண்டு கிடங்குக்குப் போனார். ஷிப்ட் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே டேப் கிழிகிற சத்தம், ஒன்றல்ல, பத்து இடத்திலிருந்து.

பெண்கள் தரையில் உட்கார்ந்து பெட்டி மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி பக்கத்திலும் ஒரு அடுக்கு. மனைவி தூணோரம், அவர் அன்றைக்கு அடுக்கிய அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இது... யார் சொல்லி?" என்றார்.

"யாரும் சொல்லல. நீங்க செஞ்சதுதானே," என்றாள் மனைவி, கையை நிறுத்தாமல்.

"உனக்கு..."

"எல்லாருக்கும் தெரியும். முதல் நாளே தெரியும். பக்கத்து மேசையில நிக்கறவளுக்குக் கண்ணு இல்லையா?" அவள் அடுத்த அட்டையை எடுத்தாள். "நகருங்க, வெளிச்சத்தை மறைக்கறீங்க."

அவர் நகர்ந்தார். கூனிக் குறுகிச் சுவரோரம் போய் நின்றார். இத்தனை நாள் இவர்கள் நடுவில் பேட்ஜைக் குத்திக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தோமே என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது. பத்துப் பேருக்குத் தெரிந்தும் பத்துப் பேரும் வாய் திறக்கவில்லை. மனைவி முகத்துக்காக விட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கென்று பார்த்துக் கடிகாரக்காரர் மறுபடி வந்தார். தன் ஆராய்ச்சி எப்படிப் பலன் தருகிறது என்று பார்க்க மேனேஜரோடு சீக்கிரமே வந்துவிட்டார். தரையில் இருந்தவர்களைப் பார்த்து முகம் மலர்ந்தது. "சொந்த விருப்பத்துல ஒரு மணி நேரம் முன்னாடியே வர்றீங்களா? யார்கிட்டக் கத்துக்கிட்டீங்க இதை?"

"எங்க லீடர்கிட்டதான் சார்," என்றாள் சின்னக்கா. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மேனேஜர் மின்னலின் தோளைத் தட்டினார். கடிகாரக்காரர் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

"எழுதாதீங்க சார்," என்றார் மின்னல்.

மேனேஜர் கை தோளிலேயே நின்றது.

"பெட்டி மடிச்சு வராது சார். தட்டையாத்தான் வரும். அன்னைக்கு நீங்க கேட்டீங்க, நான் ஆமான்னு சொன்னேன். பொய். நாப்பத்தஞ்சு பெட்டியை நானே முன்னாடி வந்து மடிச்சு வெச்சேன்." பேட்ஜைக் கழற்றினார். ஊசி விரலில் குத்தியது. "அந்தக் கடிகாரத்தை எடுங்க. முதல்லேருந்து அளங்க."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. கடிகாரக்காரர் மின்னலையும் தரையில் கிடந்த அடுக்குகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

மின்னல் மூன்றாம் மேசையில் நின்று தட்டை அட்டையை எடுத்தார். எத்தனை வெட்கங்கெட்ட கை பாருங்கள், கடிகாரத்தைக் கண்டதும் மறுபடி வேகம் காட்டத்தான் துடித்தது. டேப் கோணலாக ஒட்டிக்கொண்டது. பக்கத்து மேசையிலிருந்து மனைவி, "மெதுவா," என்றாள். மெதுவாகச் செய்தார். இரண்டு நிமிடம் பன்னிரண்டு வினாடி.

கடிகாரக்காரர் அன்றைக்குப் பன்னிரண்டு மேசையையும் அளந்தார். புதுக் கணக்கு வரும்வரை மஞ்சள் சீட்டுகளை நிறுத்தி வைக்கச் சொல்லி மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தார். மேனேஜர் பேட்ஜை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். "உங்களைப் பத்தி நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி இரண்டடி முன்னால் நடந்தாள். தெரு முனைவரை பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"முதல் நாளே தெரியும்னா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அவள் நின்றாள். வீங்கிய மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டேனே," என்றாள். "நாலு நாள் உக்காந்து கேட்டேன். நீங்க கட்டை விரலைக் காட்டினீங்க."