காதோரம் ஒரு வெட்டு

கத்தரியை வலது கையில் பிடித்தபடியே, இடது கைக் கட்டைவிரலால் கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார் சலூன்காரர். சின்னக் கடைதான். இரண்டு நாற்காலி, நீளக் கண்ணாடி, அதன் கீழே சீப்பும் பவுடரும் வைக்கிற பலகை. காலையில் கடை திறந்ததும் கத்தரியைக் கண்ணில் ஒற்றிக் கும்பிடுவார். இப்போதெல்லாம் கும்பிட்ட கை இறங்குவதற்குள் கைப்பேசிக்குப் போய்விடுகிறது.

“ஆண்டவன் இன்னும் காது குடுத்தே கேக்கல. அதுக்குள்ள எங்க ஓடறீங்க?” என்பாள் மனைவி.

எதிரில் பெரிய சலூன் ஒன்று வந்ததிலிருந்துதான் இந்தப் பாடு. “மாமா, வெட்டுனதோட விட்டுடாதீங்க. எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க. கேட்டாத்தான் நம்மள மறக்காம திரும்ப வருவாங்க” என்று மருமகன் ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தார். வந்தவரின் கைப்பேசிக்குச் செய்தி போகும். அதைத் தொட்டால் ஐந்து நட்சத்திரம் வரும். பிடித்த அளவுக்குப் போட்டு, இரண்டு வரி எழுதலாம்.

படி இறங்கியவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சலூன்காரர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஆள் நாற்காலியில் இருக்கும்போதே அனுப்பிவிட வேண்டியது. கழுத்தில் துணி கட்டியவர் எழுந்து ஓடவா போகிறார்?

போன மாதம் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் வந்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேறு கடைப் படி ஏறாதவர். “நல்லா வெட்டுங்கண்ணே. நாளைக்குப் பொண்ணு பட்டம் வாங்கறா. பக்கத்துல நின்னு படம் எடுக்கணும்.”

காதோரம் வெட்டும்போது சலூன்காரரின் கட்டைவிரல் சும்மா இருக்கவில்லை. துணிக்கு அடியில், ஓட்டுநரின் சட்டைப் பையில் கைப்பேசி அலறியது. அவர் திடுக்கிட்டுத் திரும்ப, கத்தரி காது மடலை ஒரு வாய் கடித்துவிட்டது.

அவர் கைப்பேசியை எடுத்துப் படித்தார். ‘எங்கள் சேவை பிடித்திருந்ததா?’ பிறகு கண்ணாடியில் காதைப் பார்த்தார். காசை வைத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து சலூன்காரருக்குச் சோறு இறங்கவில்லை. ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டியிருந்தாலும் தேவலை. ஒன்றுமே வரவில்லை. தெருவில் அந்தப் பேருந்தின் சத்தம் கேட்டால், துடைத்த நாற்காலியையே மறுபடி துடைப்பார்.

“நேராப் போய் மன்னிப்பு கேளுங்களேன்” என்றாள் மனைவி.

“எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவேன்?”

இன்று சாயங்காலம் வாசலில் ஓட்டுநர் நின்றார். முடி காதை மூடியிருந்தது. சலூன்காரர் துடைத்த நாற்காலியையே மறுபடி துடைத்தார்.

“படத்துல அந்தக் காது தெரியலண்ணே. பொண்ணு அந்தப் பக்கமா ஒட்டி நின்னுக்கிட்டா.”

“ஒரு வரிகூட எழுதலியே தம்பி… கோவமா?”

“என்னத்த எழுதறது? ஒண்ணு போட்டா ஒங்களுக்குத் தூக்கம் வராது. அஞ்சு போட்டா என் காது ஒத்துக்காது!”

சொல்லிக்கொண்டே கைப்பேசியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பலகையில் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். அதே காதைக் கத்தரிப் பக்கம் சாய்த்தார்.

சலூன்காரர் தன் கைப்பேசியை அணைத்து அதன் பக்கத்தில் வைத்தார். கத்தரியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு இடது கையால் அந்தக் காதை மெல்ல மடக்கிப் பிடித்தார்.