மூன்று பந்து ஏறியவர்கள்

கொரோனா வந்து போன பிறகு என் மூச்சு பழையபடி ஆகவே இல்லை. வாசலைக் கூட்டி முடிப்பதற்குள் இரண்டு தடவை விளக்குமாற்றை ஊன்றி நிற்பேன். சாயல்குடிப் பக்கம் எங்கள் ஊரில் குடிதண்ணீர் மெயின் ரோட்டுக் குழாயில்தான் வரும். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி, நிரப்பி, மணலில் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அதுதான் என்னால் முடியாமல் போனது.

நாத்தனார் நம்பவில்லை. என் கணவரின் அக்கா. ஒரே முற்றத்தில் எதிர்வீடு. இருவருக்கும் ஒரே வண்டி, ஆளுக்கொரு நாள் முறை. எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றுமில்லை, ஊதிப் பார்த்ததில் நுரையீரல் பலம் குறைந்திருக்கிறது என்று ராமநாதபுரத்து டாக்டர் சொன்னார். நாத்தனார் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது.

"எக்ஸ்ரேயே ஒண்ணுமில்லங்குது. தண்ணிக்குப் போகணும்னாதேன் இவளுக்கு மூச்சு வாங்கும்" என்று முற்றத்தில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொல்வார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் எனக்கு இருமல் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு என் முறைக்கு வண்டியைத் தள்ளினேன்.

மூச்சுப் பயிற்சிக்கு டாக்டர் ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கச் சொன்னார். உள்ளே மூன்று பந்து. குழாயில் வாய் வைத்து மூச்சை இழுத்தால் பந்து மேலே ஏறும். எனக்கு ஒன்றுதான் ஏறும், அதுவும் பாதிவரை.

எனக்குக் காய்ச்சல் அடித்தபோது சோற்றுத் தட்டைக் கம்பால் தள்ளிவிட்டவர்கள் இந்த இரண்டு வீட்டுக்காரர்களும். இப்போது ஆளாளுக்கு அந்தக் குழாயில் வாயை வைத்தார்கள். என் கணவர் இழுத்தார், மூன்றும் ஏறின. நாத்தனாரின் புருஷன் வாயில் புகையிலையை வைத்துக்கொண்டே இழுத்தார், அவருக்கும் மூன்றும் ஏறின. "பாத்தியா, ஆம்பள நெஞ்சு!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். குழாயெல்லாம் பழுப்பு எச்சில். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"இங்கன கொண்டா, இது என்ன பெரிய வித்த" என்று நாத்தனார் வாங்கினார். இழுத்தார். முதல் பந்து அசைந்தது, ஏறவில்லை. மறுபடி இழுத்தார். இருமல்தான் வந்தது. "ஓட்ட டப்பாவ வித்திருக்கான்" என்று கட்டிலில் போட்டுவிட்டுப் போனார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்.

சாயங்காலம் சோப்புத் தண்ணீரில் குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏத்தா, படுத்தா ஒனக்கு நெஞ்ச அமுக்குதா?"

"ஆமா மதினி."

"எனக்கும் அப்படித்தேன். நீ படுத்த அந்த மாசமே எனக்கும் காய்ச்ச வந்துச்சு. வெளிய மூச்சு விடல. அப்ப இருந்து இப்படித்தேன் இருக்கு."

இத்தனை காலம் நான் பட்ட பேச்சு!

"அப்ப, தெரிஞ்சுக்கிட்டேதேன் என்னைய நடிக்கிறேன்னு சொன்னீகளா?"

"வேற என்ன செய்யச் சொல்ற? நீ முடியலன்னு படுத்துட்டா ஒன் மொறையும் என் தலையில விழும். ரெண்டு பேரும் படுத்துட்டா தண்ணிக்கு யாருதேன் போறது?"

சண்டைக்காகக் கேட்கவில்லை. பதில் தெரியாமல்தான் கேட்டார். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்களும் காலை நீட்டிப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பேசியது அத்தனையும் அவர்கள் காதில் விழுந்திருக்கும். ஒருவரும் திரும்பவில்லை. அவர்களைத் தண்ணீருக்குக் கூப்பிட வேண்டும் என்று நாத்தனாருக்குத் தோன்றவில்லை.

எனக்கும் தோன்றவில்லை. அதை நினைத்தால்தான் புகையிலை எச்சிலைவிட இன்றைக்கும் அதிகமாகக் குமட்டுகிறது. கையைத் துடைத்துக்கொண்டு நான் கேட்டது இவ்வளவுதான்:

"நாளைக்கு யாரு மொற மதினி?"