எல்லை காலியாக வந்தபோது

உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜின் திடீரென்று நின்றால் போதும். அந்த மௌனம் என்னை அந்தப் பிற்பகலுக்குள் தள்ளிவிடுகிறது.

மரக்காணத்தில் ஒரு மாடி அறை. தோழியும் நானும் இணையப் பக்கங்களுக்காகச் சின்னதாக ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி எழுதிக்கொண்டிருந்தோம். அதில் தேடுவதற்கென்று ஒரு கட்டளை, ஒரு மெத்தட். அதற்குக் கொடுக்கும் முதல் ஆர்கியுமென்ட், எதைத் தேடுவது. இரண்டாவது எல்லை, அதாவது பக்கத்தின் எந்தப் பெட்டிக்குள் தேடுவது. இரண்டாவதைக் கொடுக்காவிட்டால் முழுப் பக்கத்தையும் தேடட்டும் என்றாள் அவள். நான் முகம் சுளித்தேன்.

“ஒரே பாத்தி வச்சிருக்கிறவங்கிட்ட எந்தப் பாத்தின்னு கேப்பியாடி?”

சிரித்தே ஜெயித்துவிட்டாள்.

அந்த லைப்ரரியைக் கொண்டுதான் அனுமந்தை மீனவர்களின் படகுகளுக்கு ஒரு பக்கம் செய்திருந்தாள். படகுக்கு ஒரு பெட்டி. கடலில் இருந்தால் சிவப்பு. படகு திரும்பியதும் கரையில் நிற்பவர் அதன் எண்ணைத் தட்டினால், அந்தப் பெட்டிக்குள் சிவப்பைத் தேடிப் பச்சையாக்கும்.

அன்று காற்று முறுக்கிக்கொண்டு வந்தது. இரண்டே சிவப்பு. ஒன்று அவள் தம்பியுடையது. பார்த்துக்கொண்டே இருந்தோம்; இரண்டும் பச்சையாயின.

“வந்துட்டான்டி!” என்று என் தோளில் அடித்தாள். நானும் துள்ளினேன்.

உடனே போன். அவள் அம்மா.

“வந்துட்டான்னு காட்டுதே, எங்கடி அவன்? தேடப் போக இருந்தவனுங்க அதப் பாத்துட்டு படக இறக்காம வீட்டுக்குப் போயிட்டானுங்க!”

தட்டிய எண்களின் பதிவைத் திறந்து பார்த்தேன். கரையேறிய இன்னொரு படகின் எண்ணை யாரோ தப்பாகத் தட்டியிருந்தார்கள். தட்டிய எண்ணில் ஒரு படகே கிடையாது. பெட்டி கிடைக்கவில்லை, எல்லை காலியாகப் போயிருக்கிறது. எல்லையே கொடுக்கவில்லை என்று எடுத்துக்கொண்ட எங்கள் மெத்தட், பக்கம் முழுக்கச் சிவப்பைத் தேடி எல்லாவற்றுக்கும் பச்சை பூசிவிட்டது. பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லை. கடலில் கிடந்த ஒருவனை அவ்வளவு அமைதியாக வீடு சேர்த்திருந்தது.

“பச்சைய நம்பாதம்மா! படக இறக்கச் சொல்லு!” போனில் கத்திக்கொண்டே படியிறங்கினாள்.

கரைக்குப் போனபோது படகுகள் கிளம்பியிருந்தன. வெளிச்சம் மங்கும் முன் அவன் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள், இன்ஜின் பழுது. நனைந்த லுங்கியோடு இறங்கினான்.

“இன்னாக்கா, எனக்கு முன்னாடியே என்னைக் கரையேத்திட்டியாமே?”

கன்னத்தில் ஒன்று வைத்தாள். பிறகு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே அழுதாள்.

மாடி அறைக்குத் திரும்ப நான் வண்டியைக் கிளப்பினேன். அவள் ஓடிவந்து கைப்பிடியைப் பிடித்தாள்.

“எல்லை காலியா வந்தா நம்ம மெத்தட் தேடவே கூடாதுடி. நின்னு கத்தணும். போனதும் மாத்திடு.”