இரண்டாம் முறை நிமிர்த்திய தண்டு

படகுப் பட்டறைத் தெருவில் அவருக்குச் சுக்கான்காரர் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் நாலு வீடு தள்ளி இருப்பவர்கூட உதட்டைப் பிதுக்குவார். படகின் பின்னால், தண்ணீருக்கடியில், இப்படியும் அப்படியும் திரும்பும் உலோகப் பலகைதான் சுக்கான். ஓட்டுபவர் ஸ்டியரிங்கைத் திருப்பினால் அது திரும்பும். அது திரும்பினால்தான் படகு திரும்பும். முப்பத்தோரு வருஷமாக அவர் கை வைத்தது அந்த ஒன்றில் மட்டும். என்ஜின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். "அது சத்தம் போடுற சாமான், நமக்கு ஒத்து வராது" என்பார். ஊர்ப் படகுக்கெல்லாம் இவர் சுக்கான், இவருக்குச் சுக்கான் வீட்டம்மா என்று தெருவில் ஒரு கேலி உண்டு. அதற்கு முதலில் சிரிப்பது அந்த அம்மாதான்.

வேலையில் மனிதர் பிடித்தால் பிடித்த பிடி. சுக்கான் பலகையைத் தாங்கிக்கொண்டு ஒரு தண்டு படகின் அடியைத் துளைத்து மேலே வரும். கல்லிலோ மரக்கட்டையிலோ பலகை மோதினால் அந்தத் தண்டுதான் வளையும். அதைப் பழுக்கக் காய்ச்சி, அழுத்தி நிமிர்த்தி, நூல் பிடித்துப் பார்த்து மறுபடி மாட்டுவார். ஆனால் ஒரு தடவைதான். நிமிர்த்திய தண்டின் தலையில் உளியால் ஒரு புள்ளி குத்திவிடுவார். புள்ளி உள்ள தண்டு மறுபடி வளைந்து வந்தால் பேச்சே கிடையாது, பழைய இரும்புக் குவியலுக்குத்தான் போகும். "ஒரு தடவை வளைஞ்சது அடிபட்டது. ரெண்டாவது தடவை வளைஞ்சது செத்தது. செத்ததுக்கு வைத்தியம் பாக்கறவன் நான் இல்ல." ஒருமுறை பெரிய இடத்து ஆள் ஒருவர் இதற்காகப் பட்டறை வாசலில் நின்று தாம் தூம் என்று குதித்தார். இவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை அவர் குதித்தார். பிறகு புதுத் தண்டுக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

ஊருக்கு உபதேசம் சுலபம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்?

அவருக்கு ஒரே மகள். கல்யாணமாகி இரண்டாவது வருஷம் மாப்பிள்ளையின் வேலை போய், இருவரும் அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். வீடு இரண்டே அறை. நடுவில் இருப்பது பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் மகள் குரலைத் தணித்துக்கொண்டு சண்டை போடுவது இந்தப் பக்கம் வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். மாப்பிள்ளை நல்ல பிள்ளை. நல்ல பிள்ளை சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதுதான் கொடுமை. இரண்டாம் முறை சோறு போட வந்தால் தட்டைக் கையால் மூடிக்கொள்வான். பதினோரு மாதம் இப்படிப் போனது. பிறகுதான் ஏரியில் விடுமுறைக்கு வருபவர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டும் மோட்டார் படகுக்கு ஓட்டுநராகச் சேர்ந்தான். அன்று சாயங்காலம் மகள் வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்டுவிட்டுச் சுக்கான்காரர் எழுந்து வாசல் பக்கம் போனார். கண் கலங்கினால் அவருக்குப் பிடிக்காது.

மூன்றாவது வாரம் மாப்பிள்ளை படகை ஆழமில்லாத இடத்தில் கல்லில் ஏற்றிவிட்டான். படகு பட்டறைக்கு வந்தது, பின்னாலேயே படகு முதலாளியும் வந்தார்.

"ஞாயித்துக்கிழமை படகு தண்ணியில இறங்கணும். இல்லேன்னா நான் வேற டிரைவரப் பாத்துக்கறேன்" என்றார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புதுத் தண்டு வரப் பன்னிரண்டு நாள் ஆகும். அன்று வியாழக்கிழமை. சுக்கான்காரர் தண்டின் தலையை ஸ்டியரிங்கோடு இணைக்கும் இரும்புக் கையைக் கழற்றி, கிரீஸை வழித்தார். கிரீஸுக்கு அடியில் ஒரு புள்ளி இருந்தது. அவர் குத்தியதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் வேறு முதலாளி, வேறு ஓட்டுநர் காலத்தில் வளைந்திருக்கிறது.

"முடியுமா மாமா?" என்று பக்கத்தில் வந்து நின்றான் மாப்பிள்ளை. புள்ளியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது.

முடியாது என்று எத்தனை பேரிடம் சொன்ன வாய் அது! அன்றைக்கு என்று பார்த்து அந்தச் சொல் வரவில்லை. பலகைத் தடுப்புதான் அவர் நினைவில் வந்தது.

"முடியும் மாப்ளே. நீங்க வீட்டுக்குப் போங்க."

காய்ச்சினார், நிமிர்த்தினார். நூல் பிடித்தால் மயிரிழை கோணல் இல்லை. இரண்டாவது புள்ளியைக் குத்தவில்லை. சுக்கானில் கை வைத்தவன்தான் படகில் முதலில் ஏற வேண்டும் என்பது அந்தப் பட்டறையின் வழக்கம். ஞாயிறு காலை அவரே ஏறி உட்கார்ந்து, ஒரு மணி நேரம் மாப்பிள்ளையை இடமும் வலமும் ஒடித்து ஒடித்துத் திருப்பச் சொன்னார். தண்டு அசையவில்லை. நம் கை பட்டது என்ன லேசா என்று அவருக்கே ஒரு மிதப்பு வந்துவிட்டது. கரையில் மாப்பிள்ளை அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

பத்தொன்பது நாள் ஓடியது. இருபதாம் நாள் நல்ல காற்று. ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது, ஏரிக்குள் நிற்கும் பம்பு அறைச் சுவரில் படகு நேராகப் போய் மோதியது. ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று போய்விட்டது.

"நான் திருப்பினேன். படகு திரும்பல" என்றான் மாப்பிள்ளை. கரையில் சொன்னான், ஸ்டேஷனில் சொன்னான், சொல்லிக்கொண்டே இருந்தான். சுக்கான் பலகை ஏரியின் சேற்றுக்குள் போய்விட்டது. படகில் மிஞ்சியது தண்டின் மேல் பாதி மட்டும். முதலில் தண்டு உடைந்து அதனால் படகு மோதியதா, மோதியதில் தண்டு உடைந்ததா? இதுதான் கேள்வி. முதலாவது என்றால் மாப்பிள்ளை மேல் குற்றமில்லை. இரண்டாவது என்றால் சிறை.

இன்ஸ்பெக்டர் சுக்கான்காரரையே கூப்பிட்டு அனுப்பினார். "உங்க மருமகன்னு தெரியும் பெரியவரே. ஆனா பொய் சொல்ற ஆள் இல்லன்னு முதலாளி சொல்றாரு, தெருவே சொல்லுது. கழட்டிப் பாத்துச் சொல்லுங்க."

கழற்றினார். உடைந்த முகம் முக்கால்வாசி கறுத்திருந்தது, ஓரத்தில் கால்வாசி மட்டும் பளபளவென்று இருந்தது. கறுப்பு, பல நாளாகத் தண்ணீர் இறங்கிய பழைய விரிசல். பளபளப்பு, அன்றைக்கு விட்டது. மாப்பிள்ளை திருப்பியிருக்கிறான். அவர் நிமிர்த்திய தண்டுதான் அவனை ஏமாற்றியிருக்கிறது.

இன்ஸ்பெக்டருக்குப் போன் வந்தது, சற்றுத் தள்ளிப் போய்ப் பேசினார். உடைந்த முனை கையைக் கிழிக்கும் என்பதால், எந்தத் தண்டைக் கழற்றினாலும் எடுத்த கையோடு முனையை அரத்தால் ராவிவிடுவது பட்டறைப் பழக்கம். சுக்கான்காரர் அரத்தை எடுத்து ராவினார். பழக்கதோஷம் என்று அவர் பிற்பாடு தனக்குத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். என்ன பழக்கதோஷம், பயம்! ஒரு குழந்தையின் சாவு கையில் ஒட்டியிருக்கிறதே என்ற பயம். கறுப்பு மொத்தமும் பொடியாகித் தரையில் கொட்டும்வரை ராவினார்.

"மோதினதுல உடைஞ்சதா?" என்று திரும்பி வந்து கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ஆமாங்க."

ஒரு சொல்தான். வீட்டுக்கு வந்து படுத்தவர் மூன்று நாள் பட்டறைப் பக்கம் போகவில்லை. மாப்பிள்ளை உள்ளே போனதில் மனிதர் இடிந்துவிட்டார் என்று தெருவில் பரிதாபப்பட்டார்கள்.

நாலாம் நாள் மத்தியானம் மகள் சிறையில் புருஷனைப் பார்த்துவிட்டு வந்து, கதவுப் பக்கம் அப்படியே உட்கார்ந்தாள்.

"அவரு ஒத்துக்கிட்டாருப்பா. நீங்க சொன்னத போலீஸ்ல சொன்னாங்களாம். மாமா பாத்துட்டுச் சொன்னா அதுதான் சரி, நான்தான் பயத்துல திருப்பாம இருந்துட்டேன் போலங்கறாரு. ஸ்டேஷனுக்கு வந்த அந்தக் கொழந்தையோட அப்பா கால்ல இவரு விழுந்தாராம்."

சுக்கான்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். ஒன்று விடாமல் சொன்னார்: புள்ளி, காய்ச்சியது, கறுப்பு, அரம். இன்ஸ்பெக்டர் அலமாரியிலிருந்து தண்டை எடுத்துப் பார்த்தார். ஒரு முனையில் ஒரே ஒரு புள்ளி. மறுமுனை கண்ணாடி மாதிரி வழவழப்பு.

"இதுல நீங்க சொல்றது எதுவுமே இல்லையே. பொண்ணு வீட்ல அழுவுது, அதனால இப்ப மாத்திச் சொல்றீங்க. எனக்குப் புரியுது. அன்னைக்கு நீங்க சொன்னதுதான் நியாயம். போய்ப் படுங்க பெரியவரே."

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். ஆனாலும் ஒரு ஆளுக்காவது உண்மை தெரிய வேண்டும், அவனுக்காவது தெரிய வேண்டும் என்று மறுநாள் காலை சிறைக்குப் போனார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை இளைத்திருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"நீங்க திருப்பினீங்க மாப்ளே. தண்டு முன்னாடியே விட்டிருக்கு. ரெண்டாவது தடவை நிமித்தக் கூடாதுன்னு தெரிஞ்சும் நான்தான் நிமித்தினேன். நான் சொன்னது பொய். அந்தக் கொழந்தைக்கு நான்தான் பதில் சொல்லணும், நீங்க இல்ல."

 மாப்பிள்ளை வலையில் விரல்களை மாட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னான்.

"எனக்காகப் பொய் சொல்லாதீங்க மாமா. முப்பது வருஷமா எடுத்த பேரு. ஒத்துக்கிட்ட பிறகு இப்பதான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வருது."