மோகனத்தில் இல்லாத ம

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் ஒரு பௌதிகவியல் ஆசிரியர் இருக்கிறார். மனைவி சங்கீதம் படிப்பிப்பவர். கொட்டாஞ்சேனையில் ஆசிரியரிடம் டியூஷனுக்கு வரும் ஒரு பிள்ளைக்குக் கண் பார்வை இல்லை. அவள் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கக் கேட்டாள். வரைபடம் பார்க்க முடியாதவளுக்கு எப்படி என்று பாடசாலை அதிபர் மறுத்துவிட்டார்.

துகள்களை மோதவிட்டு அளந்த எண்களை, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று ஓர் ஆய்வுகூடம் இணையத்தில் போட்டிருந்தது. ஆசிரியர் அவற்றை ஒலியாக்கினார். எண் பெரிதானால் சுரம் உயரும். வரைபடத்தில் ஓரிடத்தில் மட்டும் ஒரு சிறு மேடு. அங்கேதான் ஒரு துகள் இருக்கிறது. அதை அவள் காதால் கண்டுபிடித்தால் சேர்க்கலாம் என்று அதிபர் இறங்கி வந்தார்.

பாடசாலைக் கண்காட்சியிலும் அந்த ஒலியைப் போடுவதாக இருந்தது. விளக்கக் குறிப்பைத் திருத்த என்னைக் கூப்பிட்டார்கள். பத்திரிகையில் இருபது வருடம் செய்த வேலை.

"வெறும் பீப் பீப்பை ஆர் கேப்பினம்? மோகன ராகத்திலை போட்டிருக்கிறன்," என்றார் மனைவி.

"அணுவுக்கும் அரங்கேற்றம் வைச்சிட்டீர்," என்றார் ஆசிரியர்.

கீழே கடற்கரை ரயில் போனது. ஜன்னல் கண்ணாடி நெடுநேரம் அதிர்ந்தது. எந்த எண்ணுக்கு எந்தச் சுரம் என்ற அட்டவணையில் ஒரு பெரிய எண்ணுக்கும் அதன் பக்கத்துச் சிறிய எண்ணுக்கும் ஒரே சுரம் எழுதியிருந்தது. கேட்டேன்.

"மோகனத்திலை ம இல்லைத்தானே அண்ணை. அதாலை பெரியதுக்கும் க," என்றார் மனைவி.

பத்திரிகையில் என்றால் அந்த வரியை நிறுத்தி வைத்திருப்பேன். அன்று எழுத்துப் பிழை இரண்டைத் திருத்திவிட்டுத் தேநீர் குடித்தேன். அந்த எண் மட்டும் இறங்கி வரும்போதும் கூடவே வந்தது.

வெள்ளிக்கிழமை அதிபரின் அறை. என்னையும் கூட்டிப் போயிருந்தார்கள். வெளியே மழை இருட்டு. பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். மேசையில் பாடப்பிரிவுப் பட்டியல், மூடி கழற்றிய பேனா. பிள்ளை தலையைச் சரித்து அந்த ஒலியை இரண்டு தரம் கேட்டாள். மூன்றாம் தரம் கேட்கும்போது அவள் விரல்கள் மேசையில் தாளம் போடுவதை நிறுத்திவிட்டன.

"மேடு இல்லை, மிஸ்," என்றாள் மனைவியிடம். "ஓரிடத்திலை ஏற வெளிக்கிடுற மாதிரிக் கிடக்கு. ஏறேல்லை. ஆரோ எடுத்துப் போட்டினம்."

ஆசிரியர் அட்டவணையை இழுத்துப் பார்த்தார். அவர் விரல் நான் கேட்ட அதே வரியில் போய் நின்றது. மேட்டுக்குரிய சுரம் ம. அதைக் க ஆக்கியதும் மேடு நிலத்தோடு சமமாகிவிட்டது.

"பிழை எங்களிலை, சேர். பிள்ளை கேட்டது சரி," என்றார்.

"இல்லையெண்டு அவவே சொல்லீட்டா. பட்டியல் இண்டைக்குப் போகவேணும்," என்றார் அதிபர். கலைப்பிரிவின் கீழ் அவள் பெயரை எழுதினார். பேனா தாளில் உரசுவது கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

படியில் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், நீங்கள்தானே திருத்தினது? உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்," என்றேன்.

அவள் கைத்தடியை விரித்துக்கொண்டு, எனக்கு முன்னால் மழைக்குள் இறங்கினாள்.